இரண்டு அணிகளில் பொதுவான உறுப்புகள்: கேள்வி பதில்

கேள்வி (திருமங்கலம், மாணவர்): ஐயா, இரண்டு அணிகளில் (எண்களின் வரிசைப் பட்டியல்களில்) உள்ள பொதுவான எண்களை, மடக்குக்குள் மடக்கு (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை, loop) வைத்து எடுத்தேன். அணிக்குப் பத்தாயிரம் எண்கள் கொடுத்ததும் நிரல் நின்றுவிட்டது.

பதில்: நிற்கவில்லை தம்பி, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, 10 கோடி ஒப்பீடுகள் அல்லவா? முதல் அணியைச் செட்டில் (ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்ளும் தொகுப்பு, set) போட்டுவிட்டு, இரண்டாம் அணியின் ஒவ்வோர் எண்ணும் அதில் உண்டா என்று பார்த்தால், சராசரியாக 20,000 படிகளில் வேலை முடியும். அதற்கு முன் ஒன்றைத் தீர்மானியுங்கள். [7, 7, 7], [7, 7] இரண்டுக்கும் பொதுவானது எது? செட் ஒரு 7 தரும், எண்ணிக்கையோடு பார்த்தால் இரண்டு 7 வரும், உங்கள் இரட்டை மடக்கோ ஆறு 7 அச்சிடும்.

கேள்வி (மேலூர்): இரண்டு அணிகளுமே ஏறுவரிசையில் இருந்தால்?

பதில்: செட் தேவையில்லை. [4, 9, 15, 22], [9, 10, 22, 30] ஆகியவற்றின் தொடக்கத்தில் ஆளுக்கொரு விரல் வையுங்கள். சிறிய எண்ணில் இருக்கும் விரலை நகர்த்துங்கள். சமமானால் குறித்துக்கொண்டு இரண்டையும் நகர்த்துங்கள். ஐந்தே ஒப்பீடுகளில் 9, 22 கிடைத்துவிடும்.

கேள்வி (உசிலம்பட்டி): செட் இருக்கும்போது இந்தப் பழைய முறை எதற்கு?

பதில்: நினைவகத்தில் அடங்காத கோப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள், எதற்கென்று தெரியும்.

கேள்வி (மதுரை, கடைக் கணக்கர்): இரண்டு முகவரிப் பட்டியல்களிலும் ‘கோரிப்பாளையம்’ இருக்கிறது. பைத்தான் செட்டில் பொதுவாக வரவில்லை.

பதில்: இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி இது. யூனிகோடில் (எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் தரம்) ‘கோ’வை இரண்டு விதமாக எழுத முடியும்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றை மட்டும் சேர்க்கலாம், அல்லது ஏகாரக் குறியையும் ஆகாரக் குறியையும் அடுத்தடுத்து வைக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. ஆனால் முதல் வகையில் அந்தச் சொல்லின் நீளம் (குறியீடுகளின் எண்ணிக்கை) 13, இரண்டாவதில் 14. நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள். ‘கொ’, ‘கௌ’ போன்றவற்றுக்கும் இதே சிக்கல் உண்டு. செட்டில் போடுவதற்கு முன் இரண்டு பட்டியல்களையும் என்.எஃப்.சி. (NFC, இப்படிப்பட்ட குறிகளைச் சேர்த்து ஒரே குறியாக எழுதும் யூனிகோட் வடிவம்) வடிவத்துக்குச் சீராக்குங்கள், ஓரத்து வெற்றிடங்களையும் நீக்கிவிடுங்கள்.

கேள்வி (மீண்டும் உசிலம்பட்டி): இது தட்டச்சுக் கோளாறு. இதற்கு நிரலர் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?

பதில்: கோளாறே இல்லை, யூனிகோட் தரம் இரண்டு வடிவங்களையும் சமமானவை என்றே வரையறுக்கிறது. ஸ்விஃப்ட் மொழி எழுத்துச் சரங்களை (strings) அந்த வரையறைப்படியே ஒப்பிடுகிறது. பைத்தானும் ஜாவாவும் குறியீடுகளை அப்படியே ஒப்பிடுகின்றன. ஆகவே அம்மொழிகளில் சமம் எது என்று சொல்லும் பொறுப்பு, நீங்கள் மறுத்தாலும், எழுதுகிறவருடையதே. பட்டியல் தந்த கடைக்காரரைத் தட்டச்சு வகுப்புக்கு அனுப்பவா முடியும்?

கேள்வி (உசிலம்பட்டி): அப்படியானால் பைத்தான் செய்வது தவறு என்கிறீர்களா?

பதில்: இல்லை. ஒவ்வோர் ஒப்பீட்டிலும் சீராக்கிப் பார்ப்பதற்குச் செலவு உண்டு. தரவு உள்ளே வரும்போதே ஒருமுறை சீராக்கிவிடுவது அதைவிட மலிவு.

கேள்வி (பேரையூர்): இரட்டை மடக்கில் விடை பலமுறை வருகிறதே, ஏன்?

பதில்: திருமங்கலத்து மாணவருக்குச் சொன்ன ஆறு 7 கணக்கைப் படியுங்கள்.