மானிட்டர் இவ்வளவு பெரிதான பிறகும் நிரலில் ஒரு வரி 80 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்று சீனியர் அடம்பிடிக்கிறார். ஏன்?

உங்கள் சீனியரை ரொம்பத் திட்டாதீர்கள், நானும் அவர் கட்சிதான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மேசையில் 27 இன்ச் திரை. இருந்தும் வரி 80-ஐ நெருங்கினால் விரல் தானாக எண்டரைத் தட்டிவிடுகிறது.

அந்த 80, ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையின் அகலம்; தரவைத் துளையாகக் குத்தி இயந்திரத்துக்குக் கொடுக்கிற காகித அட்டை அது. அட்டைக்கு மேலிருந்து கீழாக 80 பத்தி, பத்திக்கு ஓர் எழுத்து. அட்டை போய்த் திரை வந்தும் அளவு மாறவில்லை. 1978-இல் வந்த விடி100 டெர்மினலும் (கணினியோடு பேசும் திரையும் விசைப்பலகையும்) 80 பத்திதான். இன்றைய பைத்தான் நிரல்மொழியின் நடைக் கையேடான பெப் 8, வரிக்கு 79 என்கிறது.

போர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியின் கதை இன்னும் ருசி. அதில் வரி 72-ஆம் பத்தியோடு சரி. ஐபிஎம் 704 இயந்திரத்தில் ஒரு 'சொல்', அதாவது அது ஒரே மூச்சில் கையாளும் தரவு, 36 பிட் (பிட் என்பது 0 அல்லது 1). அட்டையின் ஒவ்வொரு குறுக்கு வரிசையையும், பத்திக்கு ஒரு பிட்டாக, இரண்டு சொல்லாக வாசிக்கும், ஆக 72 பத்தி. மிச்சம் எட்டுப் பத்தியை அது பார்க்கவே பார்க்காது. வீணாக்குவானேன் என்று அதில் வரிசை எண்ணைக் குத்திவைத்தார்கள், அட்டைக் கட்டு கைதவறிச் சிதறினால் அடுக்க வேண்டுமே! எழுத்துக்கு 6 பிட் என்பதால் ஒரு சொல்லில் ஆறு எழுத்து அடங்கும். மாறிக்கு, அதாவது நிரலில் ஒரு மதிப்பைக் குறிக்கும் பெயருக்கும், ஆறே எழுத்துதான். பெயரைக் கடித்துத் துப்புகிற பழக்கம் நம் தொழிலில் அப்போதே ஒட்டிக்கொண்டது.

அந்தப் பழக்கத்தை நான் எங்கள் எஸ்டேட் தோட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். அப்பா அங்கே கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர். தொண்ணூறுகளில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சம்பளச் சீட்டில் பெயருக்குப் பதினைந்து எழுத்து. எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இரண்டு கோவிந்தசாமிகள். ஆங்கிலத்தில் அடித்தால் பெயர் பதினொன்று, ஓர் இடைவெளி, அப்புறம் 'ஏ/எல்', மலாயில் 'மகன்' என்பதன் சுருக்கம். எண்ணிப் பாருங்கள், அதோடு பதினைந்து தீர்ந்தது. 'கோவிந்தசாமி, இன்னாரின் மகன்' என்பதில் அந்த இன்னார் மட்டும் இல்லை! இருவரும் சீட்டை மாற்றி வாங்கிக்கொண்டு போய், சாயங்காலம் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். அடுத்த மாதத்திலிருந்து அப்பா பென்சிலால் 'பெரிய', 'சின்ன' என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்.

அதனால் 80 எழுத்து விதியை நான் விட மாட்டேன். இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம், கண்ணும் வரி தவறாது. யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பெயரை வெட்டுவதும், ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதுவதும் அந்த ரகமில்லை. நினைவகம் தங்க விலை விற்ற காலத்துச் சிக்கனம் அது. இப்போது மிச்சமாவது ஒன்றுமில்லை, அவதி மட்டும் அந்தக் கோவிந்தசாமிகளுக்கு.

இவ்வளவு பேசுகிற நான், சில வருடங்களுக்கு முன் ஒரு கடைக்கு மென்பொருள் எழுதினேன். பெயருக்கு இருபது எழுத்து வைத்தேன். ஏன் இருபது? கை பழகிவிட்டது, அவ்வளவுதான். சோதிக்க என் பெயரையே அடித்தேன். அப்பா பெயர் பாதியில் நின்றது.