22 எம்எம் பிளாஸ்டிக் கேமரா: கேட்டதும் சொன்னதும்

விவிடார் அல்ட்ரா வைட் அண்ட் ஸ்லிம். உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் ஃபிலிம் கேமரா. 22 எம்எம் அகலக் கோண லென்ஸ், ஒளி புகும் துளை எஃப்/11, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/125 நொடி. எதையும் மாற்ற முடியாது, பேட்டரியும் கிடையாது. உற்பத்தி நின்றுபோன இதை 2022-இல் ரெட்டோ நிறுவனம் அதே அளவுகளோடு மறுபடி கொண்டுவந்தது. என்னிடம் இரண்டும் இருப்பதால் கேள்விகளும் என்னிடமே வருகின்றன.

கேள்வி: எந்த ஃபிலிம் போடலாம் அண்ணா?

ரோல் வாங்கும்போதே எக்ஸ்போஷரும், அதாவது படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பதும், முடிவாகிவிடுகிறது. ஐஎஸ்ஓ என்பது ஃபிலிமின் ஒளி உணரும் திறன்; எண் கூடினால் குறைந்த ஒளியே போதும். உச்சி வெயிலுக்கு ஐஎஸ்ஓ 100 போதும். லேசான மேகத்துக்கு 200. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தால் 400. ஒரே ரோல்தான் என்றால் 400 கலர் நெகட்டிவ் வாங்குங்கள். வெயிலில் இரண்டரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) அதிகமாக ஒளி விழும், நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும். கழுவியதும் நேரடியாக நிஜ நிறத்தில் படம் தெரியும் ஸ்லைடு ஃபிலிம் தாங்காது, வெளுத்துவிடும்.

கேள்வி: வீட்டுக்குள் எடுக்கலாமா?

வேண்டாம். ஃபிளாஷ் மாட்ட இடமே இல்லை. 800 ஃபிலிம் போட்டுப் பாட்டியை ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தேன். ஜன்னல் பக்கக் கன்னமும் மூக்குத்தியும் வந்தன, மீதி கறுப்பு.

கேள்வி: கழுவி வந்த ரோலில் பாதிப் படங்களின் மூலையில் மங்கலாகப் பழுப்பு உருண்டை. லேப் சொதப்பிவிட்டதா சார்?

லேபைத் திட்டாதீர்கள், அது உங்கள் விரல். லென்ஸ் கிட்டத்தட்ட 90 டிகிரி பார்க்கிறது. கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் தனி ஓட்டை என்பதால் அதில் விரல் தெரியாது. என் முதல் ரோலில் பதினோரு படங்களில் என் ஆள்காட்டி விரல்தான் கதாநாயகன். இப்போது அப்பளத்தைத் தூக்குவது போல விளிம்பை மட்டும் பிடிக்கிறேன்.

கேள்வி: பழையது ஒன்று வாங்கினேன். ஃபிலிம் போடாமல் அழுத்திப் பார்த்தால் சத்தமே வரவில்லை. ஏமாந்துவிட்டேனா?

அவசரப்படாதீர்கள். ஃபிலிம் ஓரத்துத் துளைகள் ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றும். அதுதான் ஷட்டரைத் தயார் செய்கிறது. பின்மூடியைத் திறந்து அந்தச் சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். ஓரிடத்தில் நிற்கும். வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து பட்டனை அழுத்துங்கள். 'டிக்' என்று சத்தம் வந்து, லென்ஸில் ஒளி மின்னி மறைந்தால் கேமரா உயிரோடு இருக்கிறது.

கேள்வி: கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவது போல வருகிறதே?

அண்ணாந்து பிடித்தால் அப்படித்தான். கேமராவை நிமிர்த்தி வைத்துப் பின்னால் போங்கள். அப்போது படத்தில் பாதி தரையாகிவிடும். அங்கே ஒரு பூக்கூடையோ கழற்றிப் போட்ட செருப்புகளோ இருக்கட்டும். ஏறத்தாழ ஒரு மீட்டரிலிருந்தே தெளிவாக விழும் என்பதால் தைரியமாகக் கிட்டே போகலாம். எட்டி நின்றால் ஆட்களெல்லாம் எறும்புகள். யார் முகத்தையும் மட்டும் ஓரத்தில் வைக்காதீர்கள், பூசணிக்காய் போல இழுபடும். என் சித்தி அந்தப் படத்தை இன்னும் மன்னிக்கவில்லை.

கேள்வி: ரோல் முடிந்ததும் உடனே திறக்கலாமா?

ஐயோ, கூடாது. ஃபிலிமை நகர்த்தச் சுற்றும் சக்கரம் இறுகினால் முரட்டுத்தனம் வேண்டாம், ஃபிலிம் கிழியும். அடியிலுள்ள பட்டனை அழுத்திவிட்டு, சின்னக் கைப்பிடியை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள், ஃபிலிம் தன் டப்பாவுக்குள் திரும்பும். திடீரென்று கை லேசாகும். இன்னும் நாலு சுற்று சுற்றிவிட்டு, அப்புறம் திறங்கள்.