பாலும் க்ரீமும் இல்லாமல் கெட்டியான வீகன் ஸ்வீட் கார்ன் சூப் வீட்டில் செய்வது எப்படி?

தாராளமாகச் செய்யலாம். சோளத்திலேயே மாவுச்சத்து இருக்கிறது, அதை வெளியே கொண்டுவந்தால் போதும்.

இரண்டு கதிரை உரித்து முத்துகளைச் சீவி எடுங்கள். நடுத்தண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! சூப்பின் மணமே அதில்தான் இருக்கிறது. கத்தியின் முதுகுப் பக்கத்தால் தண்டை அழுத்தி வழித்தால் பால் போல வடியும். அதையும் முத்துகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் தண்டை உடைத்து 4 கப் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவிட்டால் லேசான இனிப்போடு சாறு இறங்கும்.

எண்ணெயில் ஒரு வெங்காயம், இரண்டு பல் பூண்டு வதக்கி, சோளத்தைப் போட்டு, அந்தச் சாற்றை ஊற்றி வேகவிடுங்கள். ஒரு கைப்பிடி முத்தைத் தனியே எடுத்து வையுங்கள். மீதியை நன்றாக ஆறவிட்டு, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறிய 10 முந்திரியோடு மையாக அரையுங்கள். சூடாக மிக்ஸியில் போட்டால் மூடி தெறித்துவிடும், கவனம். திப்பி நாக்கில் படாமல் இருக்க வடிகட்டிவிடுங்கள்.

முந்திரிக்குப் பதில் தேங்காய்ப்பாலும் ஊற்றலாம். ஆனால் சோள வாசனையை அது அமுக்கிவிடும் என்பதால் எனக்கு முந்திரிதான் பிடிக்கும். உப்பு, மிளகுத்தூள் சேர்த்து, கிளறிக்கொண்டே ஒரு கொதி வந்ததும் இறக்கி, எடுத்து வைத்த முத்துகளைப் போட்டுச் சூடாகக் குடியுங்கள்.