தேவாலா, பந்தலூர் தங்கச் சுரங்கப் பகுதியில் குழந்தைகளுடன் நடக்கலாமா?

கேள்வி: நாங்கள் திருப்பூரில் வசிக்கிறோம். டிசம்பர் கடைசியில் மூன்று நாள் நீலகிரிக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 6 வயது. முழங்கால் வலி உள்ள என் மாமனாரும் உடன் வருகிறார். தேவாலா, பந்தலூர் பக்கம் வெள்ளைக்காரர் காலத்துத் தங்கச் சுரங்கங்கள் இருப்பதாகப் படித்ததிலிருந்து, அவற்றுக்குள் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடிக்கிறான். உள்ளே செல்ல முடியுமா? எல்லோரும் சேர்ந்து நடக்கக்கூடிய காட்டுப்பாதைகள் எவை? எதற்கெல்லாம் ஆயத்தமாக வர வேண்டும்?

பதில்: சுரங்கங்களுக்குள் செல்லக் கூடாது. உள்ளூரில் யாராவது அழைத்துப் போகிறேன் என்று முன்வந்தாலும், வாசலில் நின்று ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று தோன்றினாலும் என் பதில் இதுவே. அங்கே மலைக்குள் கிடையாகச் செல்லும் குடைவுகளும் உண்டு, செங்குத்தாக இறங்கும் குழிகளும் உண்டு. நூற்று நாற்பது ஆண்டுகளாகப் பராமரிப்பின்றிக் கிடக்கும் அந்தக் குழிகளின் வாயை உண்ணிச்செடியும் புதரும் மூடியிருப்பதால், குடைவின் வாசலைத் தேடிப் புதருக்குள் நடப்பவர் வழியிலேயே குழியில் விழ வாய்ப்பிருக்கிறது. முட்டுக்கொடுத்த மரங்கள் மக்கிவிட்டன. மழையில் ஊறிய மண் எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. இவற்றைவிட எனக்கு அச்சம் தருவது உள்ளிருக்கும் காற்று. மக்கும் மரமும், பாறையில் உள்ள கந்தகக் கனிமங்களும் பிராணவாயுவை மெல்ல உறிஞ்சிக்கொள்கின்றன; கரியமில வாயு கனமானது என்பதால் தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கிறது. இரண்டுக்கும் மணம் கிடையாது. கையிலுள்ள டார்ச் விளக்கு வழக்கம்போல எரிந்துகொண்டிருக்கும், ஆனால் பிடித்திருப்பவர் மயங்கி விழுந்துவிடுவார். தங்கம் கிடைக்கும் என்ற ஆசையில் திருட்டுத்தனமாக இந்தச் சுரங்கங்களைத் தோண்டப் போனவர்கள் உயிரிழந்த செய்திகள் அவ்வப்போது வந்துள்ளன. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது வனச் சட்டப்படி குற்றம் என்பதும், எஞ்சிய இடங்களில் பெரும்பாலானவை தனியார் தோட்டங்களுக்கோ அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீக்கோ உரியவை என்பதும் தனி.

ஆனால் இதைக் கேட்டு மகன் முகம் வாடத் தேவையில்லை. அந்தக் கதையின் பெரும்பகுதி சுரங்கத்துக்கு வெளியேதான் இருக்கிறது. சாலையோரத்தில் நின்றே அதைச் சொல்லலாம். வயநாட்டின் தென்கிழக்குப் பகுதியாக மலபார் மாவட்டத்தில் இருந்த இந்த நிலம் 1877-இல்தான் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே இங்குள்ள பழங்குடியினர் ஓடை மணலை அரித்துப் பொன் எடுத்துவந்தார்கள். 1879-இல் இந்திய அரசு ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து ராபர்ட் பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க வல்லுநரை வரவழைத்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய அறிக்கை நம்பிக்கையூட்டுவதாக இருக்கவே, லண்டனில் 30-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் 40 லட்சம் பவுண்டுக்கு மேல் மூலதனம் காட்டிப் பங்குகளை விற்றன. பூச்சியும் இலைநோயும் தாக்கி நொடித்துக் கிடந்த காப்பித் தோட்டக்காரர்கள், தங்கள் நிலத்தடியில் தங்கம் இருக்கிறது என்ற பேரில் அந்தத் தோட்டங்களை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டார்கள். இயந்திரங்கள் மாட்டு வண்டியில் மலையேறின. தங்கம் இருப்பதாக நம்பிய வெண்கல்லை இடித்துப் பொடியாக்கிப் பார்த்தபோது கிடைத்த தங்கம் செலவுக்கே காணவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் எல்லாம் அடங்கிப்போயிற்று. கோலாரில் பொன் விளைந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். உண்மையில் இந்த மலையில் லாபம் சம்பாதித்தவர்கள் தங்கத்தைத் தோண்டியவர்கள் அல்லர், பங்கு விற்றவர்கள். 11 வயதுப் பையனுக்கு இதுவும் புரியும் என்றே நினைக்கிறேன்.

அவன் கண்ணால் பார்ப்பதற்கும் ஒன்று உண்டு. கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகத் தேவாலா செல்லும் சாலையில், மலையை வெட்டிய இடங்களில் செம்மண்ணுக்கும் கரும்பாறைக்கும் இடையே வெள்ளைக் கோடுகள் ஓடுவதைக் காட்டுங்கள். அதுதான் குவார்ட்ஸ் எனப்படும் வெண்கல். தங்கத்தைத் தேடியவர்கள் துரத்திச் சென்றது இத்தகைய கோடுகளைத்தான். அதில் மஞ்சளாக மின்னுவது பெரும்பாலும் அபிரகமாகவோ இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டாகவோ இருக்கும். மெருகேற்றாத பீங்கானில், அதாவது காப்பிக் கோப்பையின் அடிவிளிம்பில் தேய்த்தால் பைரைட் கரும்பச்சைக் கோடு போடும், தங்கம் மஞ்சள் கோடு போடும். சோதனையைச் சாலையோரச் சரளைக் கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; காட்டிலிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது. அந்தப் பக்கத்து ஓடை நீரைக் குடிக்கவும் வேண்டாம். பொடித்த கல்லிலிருந்து தங்கத்தைப் பிரிக்கப் பாதரசத்தைப் பயன்படுத்துவது அக்கால வழக்கம். திருட்டுத்தனமாகத் தோண்டுபவர்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இனி நடைபாதைகள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் சென்றவர்கள் 23 பேர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் காட்டுக்குள் அனுமதியில்லாத நடைபயணத்துக்கு இடமில்லை. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை இணையவழி முன்பதிவுடன் திறந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். நீலகிரியில் உள்ள பாதைகளில் உங்கள் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பவை மூன்று: நாடுகாணியில் உள்ள ஜீன்பூல் (அரிய தாவரங்களைப் பாதுகாக்கும் வனத்துறைத் தோட்டம்), உதகை அருகே கெய்ர்ன் ஹில், கோத்தகிரி அருகே லாங்வுட் சோலை. சுரங்கப் பகுதிக்கு மிக அருகில் இருப்பது ஜீன்பூல் என்பதால், தேவாலா சாலையைப் பார்ப்பதையும் அதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர்தான் பரப்பு என்றாலும், 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்தக் காடு கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு நீர் தருவது. பாதையில் நிழல் விலகுவதே இல்லை. ஊசிமலைக்குச் செல்லும் நடையைப் பலர் புகழ்ந்து எழுதியிருப்பார்கள். 6 வயதுக் குழந்தையையும் முழங்கால் வலிக்காரரையும் வைத்துக்கொண்டு அதை முயல வேண்டாம்; உதகை–கூடலூர் சாலையில் உள்ள காட்சிமுனையிலிருந்து பார்த்தால் போதும். முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் சுற்றுலாப் பயணிகள் நடந்து செல்ல அனுமதியே கிடையாது. எந்தப் பாதையானாலும், குறைந்தபட்ச வயது பற்றிய விதியை முன்பதிவுக்கு முன் படித்துவிடுங்கள்.

பாதையின் நீளத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாமல் நேரத்தில் கணக்கிடுங்கள். உங்கள் மகள் மலைப்பாதையில் மணிக்கு 2 கிலோமீட்டர் நடந்தால் அதிகம். ஏற்றம் இருந்தால் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் இன்னும் கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாமனாருக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினம், ஏனெனில் இறங்கும்போதுதான் முழங்காலில் அதிகப் பாரம் விழுகிறது. அவருக்கு ஒரு ஊன்றுகோல் கொடுங்கள். போகும்போதே களைப்புத் தெரிந்தால் பாதி வழியில் திரும்பிவிடுங்கள். திரும்ப வேண்டிய நேரத்தைப் புறப்படும் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட்டால் வழியில் வாக்குவாதம் இராது. காலை 8.30 மணிக்கு மேல் தொடங்கி நண்பகலுக்குள் முடிப்பது நல்லது. விடியற்காலையிலும் மாலையிலும் யானைகள் நடமாடும். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும்.

யானையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கூடலூர், பந்தலூர் வட்டங்களில் காடும் தேயிலைத் தோட்டமும் குடியிருப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், யானை காட்டுக்குள்தான் இருக்கும் என்று நினைக்க இடமில்லை. ரேஷன் கடைச் சுவரை இடித்து அரிசி தின்ற யானைகள் அங்கே உண்டு. தேயிலைத் தோட்டத்துச் சாலையில் நடக்க விரும்பினால் தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். அன்று யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைத் தேநீர்க் கடையிலோ கொழுந்து பறிக்கப் போகும் பெண்களிடமோ விசாரித்துவிட்டு நடங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஈரம் காயாத சாணத்தையோ அப்போதுதான் ஒடிக்கப்பட்ட மூங்கிலையோ பார்த்தால் ஓசையின்றி வந்த வழியே திரும்புங்கள்; படம் எடுக்க நிற்க வேண்டாம். அதே பந்தலூர்ப் பகுதியில் 2024 ஜனவரியில் தேயிலைத் தோட்டத்தில் ஒரு மூன்று வயதுக் குழந்தை சிறுத்தை தாக்கி உயிரிழந்தது. சிறுத்தைக்குப் பெரியவர்கள் அருகில் இருப்பதே தடை என்பதால், மகளை எப்போதும் இரு பெரியவர்களுக்கு நடுவில் கைப்பிடித்து நடத்துங்கள். தேயிலை வரிசைக்குள் ஓடிப்பிடித்து விளையாட விடாதீர்கள்.

நீங்கள் டிசம்பரைத் தேர்ந்தெடுத்தது சரி. தேவாலா தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெறும் ஊர்களில் ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே குடும்பத்தோடு நடப்பது இயலாது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீ அபாயத்தால் பாதைகள் மூடப்படும். இடையில் டிசம்பரும் ஜனவரியுமே வசதியான மாதங்கள். அப்போதும் சோலைக்குள் ஈரமான இடங்களில் அட்டை இருக்கலாம். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறை மேல் வேப்பெண்ணெயோ உப்போ தடவிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் நெருப்பு வைக்காமல், அதன் வாய் ஒட்டியிருக்கும் இடத்தில் விரல் நகத்தைப் பக்கவாட்டில் செலுத்தித் தள்ளிவிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அட்டை செலுத்தும் பொருளால்தான் காயம் நெடுநேரம் கசிகிறது. சோப்புப் போட்டுக் கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். மகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குழந்தைகள் வலியால் அல்ல, அதைத் திடீரென்று பார்த்த பயத்தால்தான் அலறுகிறார்கள்.

சொந்த வாகனத்தில் வருவதானால் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை. நெகிழித் தண்ணீர்ப் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில்கள் கொண்டு வாருங்கள். ஊர்களில் தண்ணீர் நிரப்பும் இயந்திரங்கள் இருக்கின்றன. காட்டுப்பாதையில் கைப்பேசி சிக்னல் பல இடங்களில் கிடைக்காது என்பதால், எந்தப் பாதைக்குப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைத் தங்கும் விடுதியில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். நடை முடிந்ததும் குழந்தைகளின் காதுக்குப் பின்புறம், அக்குள், முழங்காலின் பின்மடிப்பு ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உண்ணி மூலம் பரவும் குரங்குக் காய்ச்சல் அருகிலுள்ள வயநாட்டில் கண்டறியப்பட்டிருக்கிறது. எனவே ஊர் திரும்பிய இரண்டு வாரங்களுக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், காட்டுப் பகுதிக்குச் சென்று வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவித்துவிடுங்கள்.