ரூகர் 10/22: முதலில் திருகுகளைப் பாருங்கள்

நண்பரே, ரூகர் 10/22 என்ற .22 ரைபிளில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டிய பிறகு 50 கஜத்தில் குண்டுகள் நான்கு அங்குலம் சிதறுவதாகச் சொல்கிறீர்கள். உடனே பீப்பாயை மாற்றிவிடாதீர்கள். மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றி, பீப்பாயின் தோட்டா அறை காலியா என்று கண்ணால் பார்த்துவிட்டு, ரிசீவர் (துப்பாக்கியின் இயங்கு பாகங்கள் இருக்கும் உடல்பகுதி) மேல் ஸ்கோப் தாங்கியைப் பிடித்திருக்கும் நான்கு சிறு திருகுகளைச் சோதியுங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். எண்ணெயைத் துடைத்து, நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி விட்டு முடுக்குங்கள். ரிசீவர் அலுமினியம், முரட்டுத்தனம் வேண்டாம். அப்புறம் ரிசீவரைத் துப்பாக்கியின் பிடிக்கட்டையோடு இணைக்கும் ஒற்றைத் திருகு: கழற்றி மாட்டும்போதெல்லாம் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும்.

அதுவும் சரி என்றால் தோட்டாதான். .22 துப்பாக்கிகள் இதில் ரொம்பவே பிடிவாதம். இரண்டு மூன்று வகை வாங்கி, மணல்மூட்டை மேல் வைத்து ஐந்தைந்தாகச் சுடுங்கள். வகை மாற்றியதும் முதலில் சுடும் பத்துத் தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.