ஏக்கருக்கு 2,000 ரூபாய் கொடுத்தால் காவிரித் தண்ணீர் வந்துவிடுமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் எனக்கு மூன்று ஏக்கர் நஞ்சை உள்ளது. முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில், மேல்மடைக்காரர் வாய்க்காலின் குறுக்கே மணல் மூட்டைகளை அடுக்கி, இன்ஜின் வைத்து இரவெல்லாம் இறைத்துக்கொள்கிறார். என் சம்பா காய்கிறது. ஊருக்கு வந்த ஒருவர், "கர்நாடகம் தண்ணீர் விடாததுதான் காரணம், நடுவர் மன்றத்தில் உங்கள் பெயரில் மனுப் போட்டு நஷ்டஈடு வாங்கித் தருகிறேன்" என்று ஏக்கருக்கு 2,000 ரூபாய் கேட்கிறார். பலர் கொடுத்துவிட்டார்கள். நானும் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கொடுத்தவர்களிடம் ரசீது இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

அந்த மனிதர் மாநிலங்களின் வழக்கையும் உங்கள் வாய்க்கால் வழக்கையும் ஒன்றாக்கிக் காட்டுகிறார். மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பது. அதில் நடுவர் மன்றம் கேட்டு மத்திய அரசிடம் முறையிடும் உரிமை மாநில அரசுக்கு மட்டுமே உண்டு. தனி விவசாயிக்கு அங்கே வக்காலத்தும் கிடையாது, வாய்தாவும் கிடையாது. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரியில் இறுதித் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதைத் திருத்தி, மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் நமக்குக் கிடைக்க வேண்டிய ஆண்டு அளவை 192 டி.எம்.சி.யிலிருந்து (டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. ஜூனில் 9.19, ஆகஸ்டில் 45.95 என்று மாதவாரிக் கணக்கு இருக்கிறது. அதைக் கவனிக்க மேலாண்மை ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் இருக்கின்றன. அவை அரசுகளோடு பேசும் அமைப்புகள். உங்கள் மூன்று ஏக்கருக்கு எத்தனை அங்குலம் என்று அந்த உத்தரவில் எங்கும் எழுதப்படவில்லை.

"அப்படியானால் 1983இல் தஞ்சை விவசாயிகளே உச்ச நீதிமன்றம் போனார்களே" என்று தரகர் மடக்குவார். போனது உண்மைதான், அதை முழுதாகச் சொல்ல வேண்டும். விவசாயிகள் சங்கம் ஒன்று தாக்கல் செய்த அந்த மனுவில் கேட்கப்பட்டது நஷ்டஈடு அன்று. நடுவர் மன்றம் அமைக்க மத்திய அரசுக்கு உத்தரவிட வேண்டும் என்பதுதான் அதன் மையம். தமிழக அரசும் 1986இல் முறைப்படி அதையே கேட்டு, வழக்கில் சங்கத்தின் பக்கம் நின்றது. அதன் பிறகே, 1990 மே மாதத்தில், ஒரு மாதத்துக்குள் மன்றத்தை அமைக்கும்படி நீதிமன்றம் சொன்னது. ஜூன் 2 அன்று மன்றம் அமைந்தது. இடைக்கால உத்தரவு வர 1991 ஜூன் ஆயிற்று. ஆக, சட்டம் தன் மீது சுமத்திய கடமையை மத்திய அரசு செய்யாதபோது, செய்யச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் அந்த வாசல் திறந்தது. அதற்கே ஏழு ஆண்டுகள் பிடித்தன. அந்த முன்னுதாரணத்தைக் காட்டி உங்களிடம் பணம் கேட்பவர், அதைப் படித்தவராக இருக்க முடியாது. படித்திருந்தால் இன்னும் மோசம்.

பணத்தைவிட நான் அஞ்சுவது கையெழுத்தை. இவர்கள் வெற்று வக்காலத்திலும், நிரப்பாத பத்திரத்திலும் கையெழுத்து வாங்குவார்கள். அசல் பட்டாவையும் "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று கொண்டுபோவார்கள். இன்னொரு வகையினர் மேல்மடைக்காரரோடு "சமாதானம்" பேசவந்து, அவர் இருபது ஆண்டுகளாக அந்த இடத்தில் இறைத்துவருகிறார் என்று ஒரு வரியை உடன்படிக்கையில் நுழைத்துவிடுவார்கள். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில், தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு அனுபவித்த இருபது ஆண்டுகள் என்பது சாதாரணச் சொல் அன்று; அந்த அனுபவமே சட்ட உரிமையாகிவிடும். நாளைக்கு உங்களுக்கு எதிராகவே அந்த வரி வாசிக்கப்படும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் என்றாலும், படிக்காமல் கையொப்பம் இடாதீர்கள்.

இனி உங்கள் உண்மையான தகராறு. அது பிலிகுண்டுலுவில் இல்லை, உங்கள் வாய்க்காலில் இருக்கிறது. முதலில் அதை நிரூபியுங்கள். வாய்க்கால் பிரியும் தலைமதகில் அளவுகோல் இருக்கும். மதகைக் கவனிக்கும் பணியாளரான லஸ்கர் அதைப் பார்த்துக் குறித்துவைப்பார். உங்கள் முறை நாட்களின் அளவுப் பதிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் நீர்வளத்துறையிடம் கேளுங்கள். தலைமதகில் தண்ணீர் நிறைந்து ஓடிய நாளில் உங்கள் மடையில் சேறுகூட நனையவில்லை என்றால், தண்ணீர் நடுவழியில்தான் போயிருக்கிறது. கர்நாடகத்தின் மேல் பழிபோட இடமில்லை. மூட்டைகளையும் இன்ஜினையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

பிறகு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். தண்ணீரைப் பயன்படுத்தும் உரிமை குறித்த தகராறு அடிதடியில் முடியும் நிலை இருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166ஆம் பிரிவின்கீழ், நிர்வாக நடுவர் என்ற முறையில் அவர் விசாரித்து, தடுக்கக் கூடாது என்று உத்தரவிட முடியும். இது பருவகால உரிமை என்பதால், கடந்த பருவத்தில் அதே வாய்க்காலில் நீங்கள் பாய்ச்சியதற்குச் சான்று வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிப் பதிவேடான அடங்கலின் நகல் அதற்கு உதவும். விவசாயத்துக்கான நீர் வரத்தைக் குறைக்கும் செயல், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 326ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணையும் கேட்கலாம். ஆனால் எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போய்ச் சேர்வதற்குள் கதிர் பதராகிவிடும். கோட்டாட்சியர் அலுவலகம் பொறியாளரைக் கைகாட்டும், பொறியாளர் காவல் நிலையத்தைக் கைகாட்டுவார், காவல் நிலையம் "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பும். ஒரு மடை நீருக்கு மூன்று துறைகள் வைத்திருக்கும் நாடு, மூன்றையும் ஒரு மேசையில் உட்காரவைக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. எனவே ஒரே மனுவின் நகலை மூன்று இடத்திலும் ஒரே நாளில் கொடுத்து, மூன்றிலும் தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். மாத விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அந்த மூன்று ஒப்புகைகளையும் ஆட்சியரிடம் நேரில் நீட்டுங்கள். அடுத்த முறைத் தண்ணீர் எந்தத் தேதியில் என்பதையும் மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.