மஞ்சள் பூத்த முன்விளக்கு

கேள்வி: என் 2008 மைவி காரின் முன்விளக்குகள் மஞ்சளடித்துவிட்டன. எல்இடி பல்பு மாற்றினால் வெளிச்சம் கூடுமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பல்பில் கைவைக்காதீர்கள். ஹாலஜன் பல்புக்கான பிரதிபலிப்புக் கிண்ணத்தில் எல்இடி போட்டால் ஒளி சிதறி எதிரே வருபவருக்குக் கண் கூசும். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சம்மனும் வரலாம். வெயிலில் கெட்டிருப்பது பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மூடியின் மேல்பூச்சுதான். சுற்றியுள்ள பெயிண்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, 800, 1500, 2000 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். 800-இலேயே மஞ்சள் முழுதும் போய், மூடி ஒரே சீராக வெளுக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் திட்டுகள் அப்படியே நிற்கும். ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் 2கே (கெட்டிப்படுத்தி கலந்த இருகூறு) கிளியர் ஸ்பிரேயை மெல்லிசாக இரண்டு பூச்சு, திறந்த வெளியில் அடியுங்கள். அதில் ஐசோசயனேட் என்ற நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் உண்டு. சாதாரண முகக்கவசம் போதாது, கரி வடிகட்டி உள்ளது வேண்டும். மழை ஈரத்தில் அடித்தால் பூச்சு பால்போல் வெளுத்துவிடும். பற்பசை வைத்தியமெல்லாம் கொஞ்ச நாள் பளபளப்புதான். பிறகும் மங்கலா? பல்பின் எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.